அத்தான் கேட்ட மாத்திரையை அனுப்ப மறுத்தது

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் என் மனைவியும் என் ஏணியும் நலம். நீங்களும் அக்காவும் நலமாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று நான் ஏணி மேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் போனில் கேட்ட மாத்திரையை அனுப்ப முடியாது. கோபிக்க வேண்டாம். இந்த வயதில் எனக்குக் கவனக்குறைபாடு என்று கண்டுபிடித்து, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா அதை எழுதிக் கொடுத்தார். ஊக்க மருந்து என்றதும் ஏணியே இல்லாமல் சுவர் ஏறப்போகிறேன் என்று நினைத்தேன். "அதெல்லாம் இல்லீங்க. மூளையில சேதி கொண்டுபோற சத்து உங்களுக்கு நிக்கவேண்டிய நேரம் நிக்கல. இது அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். காலையில சாப்பிட்டுட்டு ஒண்ணு, மெல்லாம முழுசா முழுங்குங்க. மறந்துட்டா சாயங்காலம் போடாதீங்க, தூக்கம் போயிடும். காப்பியைக் குறைங்க" என்றார்.

இதில் முழுங்குவது மட்டும் என் மனதில் தங்கியது. முதல் நாள் வெறும் வயிற்றில் போட்டு, மேலே மூன்று காப்பி குடித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. மத்தியானம் பசியே இல்லாமல் தட்டைத் தள்ளிவைத்தேன். "என் சமையல் பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க, மாத்திரை மேல பழி போடாதீங்க" என்ற என் மனைவி அப்புறம் என்னோடு பேசவே இல்லை. "பசி குறையறது மருந்தாலதாம்மா. அதுக்குத்தான் முதல்ல சாப்பிடச் சொன்னேன்" என்று டாக்டரம்மா போனில் அவளிடமே சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சு திரும்பியது.

மறுநாள் சொன்னபடி போட்டேன். அத்தான், ஆரம்பித்த சுவரையே முடித்தேன். நடுவில் இறங்கிப்போய் வேறொரு கதவை ஆரம்பிக்கவில்லை, பூனையோடு பேசவில்லை. ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி வந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "அழகா இருக்கு. ஆனா நீங்க யாரு?" என்றார். நான் அடித்தது, என்னை வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மதில். மாத்திரை கவனத்தைக் கொடுக்குமே தவிர விலாசத்தைக் கொடுக்காது. நல்ல மனிதர், வாசல் கதவையும் என்னையே அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஆபீஸில் தூக்கம் வருகிறதென்றுதான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே தூக்கம் வந்தால் தயவுசெய்து தூங்குங்கள். என் இதயத்தைப் பார்த்து எழுதிய மருந்தை உங்கள் இதயத்துக்குக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அப்படிக் கொடுப்பது சட்டப்படியும் தவறாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர),
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா போன் செய்தாள். நீங்கள் கேட்டது மாத்திரையை இல்லையாம். உங்கள் பிரஷர் மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் போட்டுவைக்க என்னிடம் இருப்பதுபோல் ஒரு டப்பா எங்கே கிடைக்கும் என்பதையாம். மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது அத்தான். பச்சை மட்டும் வாங்காதீர்கள், சாயம் மட்டம்.