கார் ஷெட்டில் விழுந்த பச்சைப் பொட்டு

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை சுகம், மகள் சுகம், நான்தான் தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மருமகள் நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டீர்களே, அது என்ன படிப்பென்று விசாரித்தீர்களா? பாலம் கட்டுவாள், ரோடு போடுவாள் என்று நானும் இருந்துவிட்டேன். இவள் என்னடாவென்றால் வீடு வீடாகப் போய், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யாரோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெருவில் பாதிப் பேர் டிவியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுகிறார்களாம், அதில் நானும் ஒருத்தனாம்! அதனால் தெருவுக்கொரு பொதுச் சமையலறை வேண்டுமாம், இடத்தைத் தெருக்காரர்களே முடிவு செய்யணுமாம், அது நடந்தால்தான் ஆராய்ச்சி முடியுமாம். நடக்கட்டும், நமக்கென்ன என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மேஜையில் தெருவின் வரைபடம். ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு, ஒட்டுகிற காகிதம். மகள் ஏதோ விளக்கினாள், நான் எலக்ட்ரீஷியனோடு மோட்டார் ரிப்பேர் பேசிக்கொண்டிருந்ததில் ஒன்றும் காதில் ஏறவில்லை. அவரவர் வீட்டை அடையாளம் காட்டத்தான் பொட்டு என்று நினைத்து ஐந்தையும் நம் வீட்டின்மேல் ஒட்டினேன். உங்கள் தங்கை கையிலிருந்ததையும் பிடுங்கி ஒட்டினேன். அதோடு விட்டேனா? "நம்ம வீடுங்க, பளிச்சுன்னு தெரியட்டும், நீங்களும் ஒண்ணு போடுங்க" என்று எலக்ட்ரீஷியனையும் டெய்லரம்மாவையும் பிடித்துக் கெஞ்சினேன். எண்ணி முடித்ததும் ஒரே கைதட்டல். நானும்தான் தட்டினேன்! மகள் கண்கலங்கி ஓடிவந்து, "அப்பா, நம்ம கார் ஷெட்டை நீங்களே குடுப்பீங்கன்னு நான் நெனைச்சே பாக்கல" என்றாள். பொட்டு ஒவ்வொன்றும் சமையலறை எங்கே வரணும் என்பதற்கான ஓட்டாம் மச்சான், எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிள்ளை அழும்போது உண்மையைச் சொல்ல வாய் வருமா? "அதுக்கென்னம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். தூசி பட்டால் துண்டை எடுத்து ஓடுவேனே, அந்தக் கார் இப்போது தெருவில் கிடக்கிறது, அதற்கடியில் நாய் குடித்தனம் நடத்துகிறது. அடுப்புக்கு அளவெடுத்தாயிற்று. உங்கள் தங்கையிடம் புலம்பினால், "ஒட்டினது யாரு?" என்று ஒரே கேள்வி. தாய்மாமன் பேச்சுக்குத்தான் மகள் கட்டுப்படுவாள். உடனே புறப்பட்டு வந்து இதை நிறுத்துங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், டிவி முன்னால் சாப்பிடாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷெட்டை இழந்த மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகளுடைய பேராசிரியை போன் செய்தார். ஒரே ஆள் பத்துப் பொட்டு ஒட்டியதால் கணக்கு செல்லாதாம், சமையலறை எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஷெட்டுக்குப் போகப் பார்க்கிறதாம். இது அநியாயம் இல்லையா? சுவருக்கு நானே வெள்ளையடித்தாயிற்று! நேற்று அளவு பார்க்க வந்தவர்களோடு அங்கேயே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம், டிவி ஞாபகமே எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம், மறுபடி பொட்டு. குடும்பத்தோடு வந்துவிடுங்கள், யார் கேட்டாலும் நாங்களும் இந்தத் தெருதான் என்று சொல்லி நம் ஷெட்டிலேயே ஒட்டுங்கள். திரும்பும்போது காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்.