உல்லன் தாடி

"யா அல்லாஹ், இது நம்ம ஹாஜியார் தானே!"

மாமி றமீஸா போட்ட கூச்சலில் நுஸ்லாவின் கையிலிருந்த குரோஷா ஊசி நழுவிக் கதிரைக்கு அடியில் போய்விட்டது.

மேசையில் இருந்தது நூலில் பின்னிய ஒரு சாண் உயரக் குள்ளன் பொம்மை. சிவப்புத் தொப்பி. நெல்லிக்காய் அளவு மூக்கு. நெஞ்சை மூடிக்கொண்டு வெள்ளைத் தாடி. கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது.

"இல்ல மாமி, இதுக்குப் பேரு நோம். ஸ்னோ கொட்டுற நாட்டுல கிறிஸ்மஸுக்கு ஊடு சோடிக்கிற சாமான். கெஸ்ட் ஹவுஸ் நடத்துற சிங்கள நோனா ஃபோன்ல படம் காட்டினாங்க."

"படத்துல யார் இருந்தாங்களோ, எனக்குத் தெரியாது. இங்க குந்திக்கிட்டு இரிக்கிறது ஒங்கட மாமா. அந்தத் தொப்பியப் பாருங்க!"

நுஸ்லா பார்த்தாள். மாமாவின் தொப்பியேதான்.

உக்குவளையில் டிசம்பர் பிறந்தால் காலையில் வெடவெடவென்று நடுங்கும். ஹாஜியார் அப்துல் ஸமத் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் ஒரு சிவப்பு உல்லன் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் உட்காருவார். போன வருஷம் நுஸ்லாவே பின்னிக் கொடுத்த தொப்பி. அதில் மிஞ்சிய நூலில்தான் இந்தக் குள்ளனின் தொப்பியையும் பின்னியிருந்தாள். மூக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஹாஜியாரின் மூக்கை ஊரே அறியும். தாடியைச் சீப்பால் வாரிவிட்டபோது அவளே அறியாமல் நடு வகிடு வேறு எடுத்திருக்கிறாள். ஹாஜியாரின் தாடியும் அப்படித்தான் இரண்டாகப் பிரியும்.

கண்ணும் வாயும் வைக்காததற்குக் காரணம் மாமி. தொழுகிற வீட்டில் மூஞ்சி வைத்த பொம்மை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோனா காட்டிய படத்தில் தொப்பி கண்ணை மூடிக்கொண்டு இருந்ததால், "அப்ப பரவாயில்ல, செய்ங்க மகள்" என்று அனுமதித்தவரும் அவர்தான். மூஞ்சியே இல்லாத ஒன்றில் மாமாவின் மூஞ்சி வந்து உட்காரும் என்று யார் கண்டது?

நுஸ்லாவுக்குக் கிடைத்த முதல் ஓடர் இது. கண்டி ரோட்டில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸின் பெரிய கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிட இரண்டு டசின் குள்ளன்கள். அத்தனையும் முடித்து, இலவம்பஞ்சு அடைத்து, கூடையில் அடுக்கி வைத்திருந்தாள். இப்போது கூடையை எட்டிப் பார்த்தால் மாமாவே கூட்டமாகப் படுத்துக் கிடந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமாவும் உள்ளே வந்தார்.

ஹாஜியார் அதிகம் பேசாத மனிதர். மாத்தளை டவுனில் இருந்த மிளகு, கராம்புக் கடையை மகன் பஸ்லியிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அந்தக் கொஞ்சப் பேச்சும் குறைந்துபோனது. கடையில் மகன் யோசனை கேட்பதில்லை. வீட்டில் தேத்தண்ணி குடிச்சீங்களா என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர் மேசையைப் பார்த்தார். குள்ளனைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தன் மூக்கை ஒருமுறை தொட்டார், பிறகு அதன் மூக்கைத் தொட்டார்.

"ம்ம்," என்றார்.

குள்ளனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, ஊற்றி வைத்த பிளேன்டீயைக் குடிக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு சந்திப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

"போச்சு," என்றார் மாமி. "பிளேன்டீயக் குடிக்காமப் போறாரு. இந்த மனிசனுக்குக் கோவம் வந்தா இப்புடித்தான். எனக்குத் தெரியாதா? இவரோட நான் குடும்பம் நடத்தின கொஞ்ச நாளா?"

நுஸ்லாவுக்கு அழுகை முட்டியது. மாமனாரைக் கேலிப் பொம்மையாகச் செய்த மருமகள் என்று ஊர் பேசினால் அவள் உம்மாவின் வீட்டுப் பக்கம் கூடத் தலைகாட்ட முடியாது. அதை விடு, அவளுக்கு அவர்மேல் உண்மையிலேயே பாசம். கல்யாணமான புதிதில் அவள் வைத்த உப்புக் கரிக்கிற ஆணத்தைச் சோற்றில் ஊற்றி, ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழும்பிய ஒரே ஆள் அவர்தான்.

"தாடியை மாத்திட்டாச் சரி மாமி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற கலர் வெப்போம்."

மாமி வெட்ட, மருமகள் தைக்க, பகல் சோற்றுக்கு முன்னால் கூடையிலிருந்த வெள்ளைத் தாடி அத்தனையும் குப்பைக்குப் போனது. பதிலுக்கு, பையில் சும்மா கிடந்த மருதாணி நிற உல்லன் ஏறியது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். தனியாக வரவில்லை. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸுஹைல் நானாவும், அரபு மத்ரஸாவில் படிப்பிப்பதால் ஊர் 'சேர்' என்று அழைக்கும் இப்திகாரும் பின்னால் வந்தார்கள். ஹாஜியார் பெருநாளைக்குப் போடுகிற ஜுப்பாவைப் போட்டிருந்தார். அத்தர் வாசம் வாசல் படலையிலேயே அடித்தது.

"ஜுப்பா!" மாமி நுஸ்லாவின் கையைப் பிடித்தார். "விசாரண வெக்கத்தான் ஆக்களக் கூட்டிக்கிட்டு வந்திரிக்காரு. பேசாம நில்லுங்க மகள்."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "மகள், அத எடுத்துக்கிட்டு வாங்க. இவங்க பாக்கணுமாம்."

நுஸ்லா கூடையை அப்படியே தூக்கி வந்து மேசையில் கவிழ்த்தாள்.

"பாருங்க மாமா, நல்லாப் பாருங்க! ஒங்கள மாதிரி ஒன்னாவது இரிக்கா? சத்தியமா இல்ல!"

ஹாஜியார் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், வைத்தார். கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோருடைய கண்ணும் ஸுஹைல் நானாவின் முகத்தில் போய் நின்றது.

ஸுஹைல் நானா வெள்ளிக்கு வெள்ளி தாடிக்கு மருதாணி போடுகிறவர். அது நுஸ்லாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆ…" என்றார் ஸுஹைல் நானா, தாடியைத் தடவிக்கொண்டு. வந்த இருவரும் தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் எழும்பிப் போனார்கள். ஹாஜியாரின் முகம் கருகிய அப்பம் மாதிரி இருந்தது. இராச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

கடையிலிருந்து வந்த பஸ்லியிடம் நுஸ்லா எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

"ஒரு தாடிக்குப் பயந்து இன்னொரு தாடிய இழுத்து விட்டிரிக்கீங்க," என்றான் அவன். "வாப்பாட கோவத்தோட இப்ப ஸுஹைல் நானாட கோவமும் சேந்துட்டு. இனி அவரு கடையில நமக்குக் கடனுக்குச் சீனி கெடைக்குமா?"

மறுநாள் காலையில் ஸுஹைல் நானாவின் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வட்டலாப்பம் வந்தது. மேலே முந்திரிப் பருப்பு வேறு.

"இதென்ன மாமி, பெருநாளா?"

மாமி கிண்ணத்தைச் சந்தேகத்தோடு முகர்ந்தார். "இது வாயக் கட்டுற வட்டலாப்பம். மரியாதையான ஆக்கள் திட்ட மாட்டாங்க, இனிப்பு அனுப்புவாங்க. 'இத்தோட நிப்பாட்டுங்க'ண்டு அர்த்தம்."

ஹாஜியாருக்கு வட்டலாப்பம் என்றால் உயிர். நுஸ்லா ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"ஆர்ட?"

"ஸுஹைல் நானா ஊட்டுல இருந்து, மாமா."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். வட்டலாப்பத்தைத் தள்ளிய அப்துல் ஸமத்தை அந்த வீடு அதுவரைக்கும் கண்டதில்லை. நுஸ்லா மருதாணித் தாடிகளை அவசர அவசரமாகப் பிய்த்தாள். மஞ்சளை விட்டால் வீட்டில் மிஞ்சிக் கிடந்தது கறுப்பு நூல் மட்டும்தான். கறுத்த தாடி வைத்த கிழவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருமில்லை என்று அவள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. இப்திகார் சேருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், ஆனாலும் தாடி மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். எப்படி என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

பின்னேரம் அவர் தனியாக வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார். சும்மா வந்த ஆள் நேரே மேசையடிக்குப் போய், வரிசையாக உட்கார்ந்திருந்த கறுப்புத் தாடிகளைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்தார். ஒன்றைத் தூக்கித் தன் தாடையருகே வைத்து இன்னொன்று பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்," என்றார் போகும்போது.

"படம் புடிச்சிக்கிட்டுப் போறாரு," என்றார் மாமி, தலையில் கையை வைத்துக்கொண்டு. "பள்ளிவாசல்ல காட்டப் போறாரு. ஜமாஅத்துக்கு மொறப்பாடு போகப் போகுது. முடிஞ்சிது நம்மட மானம்!"

முற்றத்தில் இருந்த ஹாஜியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்திகார் சேரின் தலை மறைந்ததும் உள்ளே வந்து, அலுமாரிக்கு மேலிருந்த ஹஜ்ஜுக்குக் கொண்டுபோன பையை இறக்கினார்.

"எங்க போறீங்க?" என்று மாமி பதறினார்.

"பல்லேபொலைக்கி. மகள் றிப்னா ஊட்டுக்கு."

"எப்ப வருவீங்க?"

"வாறதுக்கு இங்க எனக்கு என்ன இரிக்கு?"

இரண்டு சாரனையும் ஜுப்பாவையும் மடித்து வைத்தார். சிவப்புத் தொப்பியைக் கையில் எடுத்தார், பார்த்தார், கட்டிலில் போட்டுவிட்டார். அதைக் கண்டதும் நுஸ்லா விக்கி விக்கி அழுதாள்.

விடிந்ததும் நோனா சாமானுக்கு வருவார். விடிந்ததும் மாமாவும் போய்விடுவார். இரண்டுக்கும் இடையில் ஒரே வழிதான் இருந்தது. தாடி என்ற பேச்சே இருக்கக் கூடாது. நுஸ்லா உட்கார்ந்தாள். கறுப்புத் தாடிகளையும் அறுத்தெறிந்துவிட்டு, ஒவ்வொரு குள்ளனுக்கும் மஞ்சள் நூலில் இரட்டைப் பின்னல் போட்டாள். கிழவன்கள் எல்லோரும் குமரிகளானார்கள்.

காலையில் நோனாவின் கார் வந்தது. நுஸ்லா பெட்டியைத் திறந்தாள்.

"ஐயோ, எவ்வளவு லஸ்ஸனம், எவ்வளவு வடிவு!" என்று நோனா சிங்களத்தையும் தமிழையும் குழைத்துச் சொன்னார். "கிழவன் எல்லா ஹோட்டல்லயும் இருக்கான். பொம்பளப் புள்ள யாருகிட்டயும் இல்ல. அடுத்த வருஷமும் நீங்கதான் செய்யணும்."

பெட்டியோடு கார் புறப்பட்டது. நுஸ்லாவுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. கார் போன கையோடு, சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற றினோஸ் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தான். ஹாஜியார் பையும் கையுமாகப் படியிறங்கினார்.

நுஸ்லா ஓடிப்போய் முன்னால் நின்றாள். பின்னால் மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, போகாதீங்க! நான் செஞ்சது பெரிய பிழ. அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிருங்க."

ஹாஜியார் நின்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. "இப்பயாவது வெளங்கினாச் சரி," என்றார் மெல்ல. பையைக் கீழே வைக்கப் போனார்.

நுஸ்லாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு சும்மா இருந்திருக்கலாம்.

"நல்லா வெளங்கிட்டு மாமா! ஒங்கட தாடிய எல்லாத்துலயும் புடுங்கி வீசிட்டேன். ஒன்னு மிச்சம் வெக்கல்ல. நோனா கொண்டுபோன பெட்டியில ஒரு எடத்துலயும் நீங்க இல்ல. இனி என்ட ஆயுசுக்கும் ஒங்கள மாதிரி ஒன்னு செய்ய மாட்டேன், இது சத்தியம்!"

ஹாஜியாரின் கீழுதடு துடித்தது. கண் கலங்கியே விட்டது. பையை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறி, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாமா? நான் இன்னம் என்னதான் செய்யட்டும்?" நுஸ்லா ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

றினோஸுக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு நுஸ்லாவின் பக்கம் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன நீங்க? 'என்ட மருமகள் என்னப் பாத்துப் பொம்ம செஞ்சிரிக்கா, கெஸ்ட் ஹவுஸ் மரம் முழுக்க நான்தான் தொங்கப் போறேன்'ண்டு சந்தியில ஒவ்வொரு கடையா ஏறிச் சொன்ன மனிசன்ட தாடியப் புடுங்கி ஸுஹைல் நானாக்கும் இப்திகார் சேருக்கும் வெச்சா, அவரு இனி எந்த மூஞ்சியோட இந்த ஊர்ல இரிக்கிற?"