நீங்களும் வாங்களேன்

"டபுள் ரூம்தாங்க. ஆமா, ஒரு வாரத்துக்கு. ஆளு ரெண்டே பேரு. சம்சாரம்தாங்க, கட்டின சம்சாரம். சந்தேகமா இருந்தா ரேஷன் கார்டு கொண்டாறேன்."

உமர் பாரூக் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் செல்போனில் பேசினார். ஆனால் அந்தப் புது போனுக்கு அவருடைய செருப்புக் கடை வாசலில் வந்து நின்றால்தான் டவர் கிடைக்கும். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி ஹாரனுக்கு நடுவே காலமெல்லாம் கத்தி வியாபாரம் பண்ணிய தொண்டைக்கு ரகசியம் பேசவும் வராது. ஒற்றைக் காலில் சேஃப்டி ஷூ மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி ஆள் நிமிர்ந்தான்.

"எந்த ஊருக்கு பாய்?"

"பாண்டி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"ஓ" என்றான் அந்த ஆள். அந்த ஒரு எழுத்துக்குள் பாண்டிச்சேரியின் அத்தனை ஒயின் ஷாப்பும் இருந்தது.

உமர் பாரூக் பிறந்ததிலிருந்து சோடாவுக்கு மேல் எதையும் குடித்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் மனைவி மெஹர்னிசாவோடு ஒரு வாரம் தனியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பழவேற்காட்டில் அவருடைய வீடு பெரிய வீடு. குடும்பம் அதைவிடப் பெரிது. உம்மா, தம்பி சஹாபுதீன், அவன் மனைவி ரமீஸா, அவர்கள் பிள்ளைகள். ஒட்டினாற்போல் அடுத்த வீட்டில் அக்கா ஷஹனாஸ், மச்சான், அவர்கள் பிள்ளைகள். புருஷனும் பெண்டாட்டியும் டீ குடிக்க உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் நாலு பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

சொந்தப் பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அதே கதைதான். போன பெருநாள் அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே மெஹர்னிசா சொன்னாள். "நாம ரெண்டு பேரும் ஒரு பேச்ச முழுசா பேசி முடிச்சதே இல்லீங்க. நடுவுல யாருனா வந்துடறாங்க."

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் தம்பி மகன் வந்து பம்பரம் கேட்டான்.

அந்தப் பேச்சு உமர் பாரூக்கின் மனதில் தைத்துவிட்டது. டச்சுக்காரன் கல்லறையையும் ஏரியையும் பார்க்கச் சென்னையிலிருந்து ஜோடி ஜோடியாகப் பழவேற்காட்டுக்கு வருகிறார்கள். பழவேற்காட்டு ஜோடி எங்கே போவதாம்? பாண்டிச்சேரிக்குப் போகட்டும். அங்கேயும் கடல் இருக்கிறது, வெள்ளைக்காரன் கட்டின பழைய தெரு இருக்கிறது. முக்கியமாக, சொந்தக்காரன் ஒருத்தன்கூட இல்லை. உமர் பாரூக் போன மாசமே முடிவு பண்ணி, மெஹர்னிசாவிடம் தேதியும் சொல்லிவிட்டார். அவர் முடிவு பண்ணிவிட்டால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சோற்றுத் தட்டு தொடாமல் கிடந்தது.

"இன்னா உம்மா, உடம்புக்கு முடியலியா?"

"என் உடம்புக்கு இன்னா கேடு. இந்த வயசுல, பாண்டிக்குப் போய்த்தான் குடிக்கணுமாப்பா?"

"யாரு சொன்னது?"

"நீ வந்த பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுலயே சேதி வந்துடுச்சு."

உமர் பாரூக் தலையைச் சொறிந்துகொண்டு சமையற்கட்டுக்குப் போனார். பெண்டாட்டியோடு தனியாக இருக்கப் போகிறேன் என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? அதைவிடக் குடிக்கப் போகிறேன் என்பதே கொஞ்சம் கௌரவமாக இருக்கும்போல் தோன்றியது.

மெஹர்னிசா மீனைத் திருப்பிப் போட்டாள். "நாகூருக்குப் போறோம்னு சொல்லிடுங்களேன். பாண்டி வழியிலதான கீது. ஒரு நாளு நாகூர் தர்காவுல ஜியாரத் பண்ணிட்டு, மிச்ச நாளு பாண்டியில இருந்துக்கலாம். பொய்யும் ஆவாது."

"உன் மூளைக்கு நீ கலெக்டரா இருக்க வேண்டியவ" என்றார் உமர் பாரூக், மனதார.

நாகூர் என்றதும் உம்மா எழுந்து உட்கார்ந்தார். தட்டை இழுத்து வைத்துச் சாப்பிடவும் ஆரம்பித்தார். எல்லாம் சுமுகமாக முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரு சம்பிரதாயம்தான்.

அந்தக் குடும்பத்தில் பயணம் போகிறவர்கள் பெரியவர்களிடம், "நீங்களும் வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெரியவர்கள், "எங்களுக்கு எங்க முடியுது, நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்லவேண்டும். கூப்பிடுகிறவர் நிஜமாகக் கூப்பிடுவதில்லை, பெரியவர் நிஜமாக வருவதுமில்லை. இரண்டு பக்கமும் மரியாதை கெடாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்களும் வாங்களேன் மாமி" என்றாள் மெஹர்னிசா.

அதோடு விட்டிருக்கலாம். அவள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் எத்தினி நாளு ஆச" என்று கூடவே சேர்த்தாள்.

உம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். கண் கலங்கியது. "வரேம்மா" என்றார்.

கிணற்றடியில் உமர் பாரூக் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "இன்னா காரியம் பண்ணிட்ட மெஹரு?"

"வாய் வார்த்தைக்குத்தாங்க சொன்னேன். வரேன்னு சொல்வாங்கன்னு நான் இன்னாத்த கண்டேன்."

"சரி வுடு. நான் பேசிக்கறேன்."

மறுநாள் உம்மாவிடம் போய், பஸ் பயணம் எவ்வளவு கொடுமை என்று விளக்கினார். சீட்டில் பஞ்சு இருக்காது, ரோட்டில் தார் இருக்காது, முட்டி வலி உயிரை எடுத்துவிடும் என்றார். உம்மாவின் முகம் வாடியது. "ஆமாம்பா, முட்டிதான் யோசனையா கீது" என்று இறங்கி வந்தார்.

அந்த நேரம் பார்த்து மெஹர்னிசா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். "ஷஹனாஸ் அக்கா கூட வந்தா முட்டிக்கு எண்ண தேச்சி வுடுவாங்களே மாமி. அவங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடலாம். இல்லன்னா மனசுல வச்சிப்பாங்க."

ஷஹனாஸ் அடுத்த வீட்டிலிருந்து வந்தபோதே பெட்டி எது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள். அவள் வந்தால் மச்சான் வரவேண்டும், ஏனென்றால் அவருக்கு வெந்நீர் வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது. இரண்டு பேரும் வந்தால் பிள்ளைகளை எங்கே விடுவது?

உமர் பாரூக் தளரவில்லை. தம்பியை வைத்து இதை உடைக்கலாம் என்று, சஹாபுதீன் இறால் எடைபோடும் ஷெட்டுக்கே போனார்.

"தம்பி, உம்மாவுக்கு இந்த அலைச்சல் ஒத்துக்காது. நீயும் ரமீஸாவும் கூட இருந்து பாத்துக்கறோம்னு சொல்லுங்க. உங்க பேச்ச கேப்பாங்க."

"நாங்க எங்கண்ணே இங்க இருக்கப் போறோம்? மெஹரு மைனி நேத்தே ரமீஸாவ கூப்ட்டாங்களே. பசங்க பை கட்டிக்கினு குந்தினுகீதுங்க."

உமர் பாரூக் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பால இன்னொண்ணு. பாண்டியில ரூம் போட்டு வச்சிக்கீறியாமே? போறப்ப அங்க எறங்கிப் படுத்துட்டு, காலையில நாஷ்டா முடிச்சிக்கினு கெளம்பலாம்னு மைனி சொன்னாங்க. நல்ல யோசனண்ணே."

"டேய், அது டபுள் ரூமுடா."

"பாய் விரிச்சிக்கலாம்ண்ணே."

அன்றைக்குத்தான் உமர் பாரூக் மனைவியிடம் நிஜமாகவே கோபப்பட்டார். "உன் வாயி சும்மாவே இருக்காதா? யாருக்காக நான் இவ்ளோ பாடுபடறேன்?"

மெஹர்னிசா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "வுட்டுட்டுப் போனா வருத்தப்படுவாங்களேன்னு சொல்லிட்டேங்க."

அவருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், வெள்ளந்தி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் வாய் வார்த்தைக்குக் கூப்பிடுவது எப்படி என்று தெரியவில்லையே. இவளை இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வாரமாவது பிரித்துக்கொண்டு போகாவிட்டால் நான் ஆம்பிளையே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

"ஒரே வழிதான் கீது. இத்தினி பேரையும் ஏத்திக்கினு போற வண்டி கெடைக்கலன்னு சொல்லிடறேன். பயணம் கேன்சல். அப்பால கொஞ்ச நாளு கழிச்சி நாம கமுக்கமா போய்டலாம்."

"சும்மா சொன்னா நம்புவாங்களா? கேட்டுட்டே சொல்லுங்க. ஆரணியில அன்புராஜ்னு ஒருத்தரு வேன் வச்சிக்கீறாராம்."

நியாயம்தானே என்று உமர் பாரூக் போன் போட்டார். லீவு சீசன், எப்படியும் வண்டி இருக்காது என்ற தைரியம். அன்புராஜ் தேதியைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. "வந்துடறேன் பாய்" என்று வைத்துவிட்டான்.

கிளம்புகிற நாள் வந்தது. உமர் பாரூக் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அவரிடம் இன்னும் ஒரு திட்டம் பாக்கி இருந்தது. பாண்டிச்சேரியில் எல்லாரும் இறங்கும்போது, பிஸ்கட் வாங்கப் போகிற மாதிரி மெஹர்னிசாவைக் கூட்டிக்கொண்டு ஏதாவது சந்துக்குள் புகுந்து தொலைந்துவிடுவது. தேடிப் பார்ப்பார்கள், பிறகு வேன் எப்படியும் நாகூருக்குப் போய்த்தானே ஆகவேண்டும்.

வேனில் முதலில் உம்மா ஏறினார். அப்புறம் ஷஹனாஸ், மச்சான், தம்பி, ரமீஸா, பிள்ளைகள் எல்லாரும் ஏறினார்கள். அப்புறம் பாய்கள், ஸ்டவ், பிரியாணி தேக்சா, உம்மாவின் முட்டிக்குத் தனியாக ஒரு தலையணை. உமர் பாரூக் உள்ளே எட்டிப் பார்த்தார். தேக்சாவுக்கு இருந்த இடம்கூட அவருக்கு இல்லை.

"நான் நின்னுக்கினே வரேன்" என்றார். "மெஹரு பானட்டு மேல குந்திக்கட்டும்."

உம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வேணாம்பா. ஊட்ட அநாமத்தா வுட்டுட்டு எல்லாருமா போனா நல்லாவா இருக்கும்? ஆடு கீது, கோழி கீது. நீயும் மெஹருவும் இருங்க. உங்களுக்கும் சேத்து நான் துஆ கேட்டுக்கறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் வாங்களேன்னு சொல்லணும்னு ஆசதான். எடமில்லியே" என்றார்.

உமர் பாரூக் வாசல்படியில் உட்கார்ந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. அழுகைகூட வந்தது. இத்தனை பாடுபட்டு, பொய் சொல்லி, திட்டம் போட்டு, கடைசியில் ஊரே போகிறது, அவர் மட்டும் ஆட்டுக்குத் தழை போடவேண்டும். பாண்டி ரூமில் தம்பி பாய் விரித்துப் படுப்பான். மெஹர்னிசாவின் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளோ ஜன்னல் ஜன்னலாகப் போய் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேனின் பின்கதவை அடித்துச் சாத்திவிட்டு டிரைவர் அன்புராஜ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். உமர் பாரூக்கின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"இன்னாத்துக்கு பாய் பேஜாராவறீங்க? போன மாசம் வண்டி பேச வந்தப்பவே மெஹரு அக்கா கண்டிஷனா சொல்லிட்டாங்க, உங்க ரெண்டு பேரத் தவுத்து ஊட்ல கீற அத்தினி பேரையும் ஏத்திக்கினு போயிடணும், ஒரு வாரத்துக்கு முன்னால திருப்பிக் கொண்டாந்தா கதவத் தொறக்க மாட்டேன்னு."