நித்தியகல்யாணித் தொட்டி

குடுவை இன்றைக்கும் பழுப்பாகவில்லை.

பிராங்கிளின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், மாதாவை வேண்டிக்கொண்டும் பார்த்தான். வடித்த கஞ்சி மாதிரி வெளுத்தே கிடந்தது. பேராசிரியர் சுப்பராயன் பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா, இன்னிக்கும் பல்லை இளிச்சிடுச்சா?"

"இளிச்சிடுச்சு சார்."

திருவொற்றியூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் பிழைப்பே இதுதான். இலைக்குள் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரை வெளியே எடுத்து வளர்க்க வேண்டும். அது வளர்ந்த நீரில் வெள்ளி உப்பைக் கலந்தால், வெள்ளி கண்ணுக்குத் தெரியாத நானோ துகளாகிவிடும், நீரும் பழுப்பாகிவிடும். அந்தத் துகளைக் கட்டுத்துணியில் ஏற்றினால் புண்ணில் இருக்கிற கிருமிகள் காலி. முதல் தடவை காப்பி டிகாக்‌ஷன் போலப் பழுப்பானது. சுப்பராயன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என்ன வந்ததோ, வளர்ப்புத் தட்டில் உட்கார்ந்து தின்று தின்று நுண்ணுயிருக்குச் சோம்பல் தட்டிவிட்டது.

"அதே செடியிலேர்ந்து புது இலை பறிச்சு, மறுபடி எடு. அதே செடி, ஞாபகம் வெச்சுக்க. வேற செடின்னா உள்ள வேற ஆளு குடியிருப்பான்" என்றார் சுப்பராயன்.

அந்த நித்தியகல்யாணிச் செடி ராயபுரத்தில், மெர்லின் வீட்டு மாடியில் தொட்டியில் இருந்தது. இலை தேடித் தெருத்தெருவாக அலைந்த நாளில் பிராங்கிளின் சும்மா தட்டிய கதவு அது. துறைமுகத்துக் கண்டெய்னர் ஆபீஸில் வேலை பார்க்கும் மெர்லின் கதவைத் திறந்தாள். ஐயாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச்சு வராத பதற்றத்தில் இலைகளைப் பை நிறைய உருவிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது மறுபடியும் போனான். கீழ்வீட்டில் மாவு அரைத்து விற்கும் காத்தூன் பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மறுக்கா இலையா?"

"ஆமா பீவிம்மா."

புது இலையிலிருந்து வந்தது ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று. குடுவை வெளுத்தே இருந்தது. மணலித் தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று தொட்டியை மறுபக்கம் நகர்த்தி வைத்தான். அடுத்த இலையில் கறுப்பாக ஒன்று முளைத்தது. சத்து போதவில்லை என்று எரு வாங்கிக்கொண்டு போய்ப் போட்டான். அதற்கடுத்து வந்தது அடித்த நாற்றத்தில் சுப்பராயன் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"உங்க பூச்சிங்க இன்னும் வேல செய்யலியா?" என்பாள் மெர்லின், டீயை நீட்டியபடி. நகக்கண்ணில் மண் இருக்கும்.

"செய்யல மெர்லின். இன்னும் நாலு இலை வேணும்."

"எவ்ளோ வேணா எடுத்துக்கங்க. அதுக்கு இன்னா."

செடியில் பூத்திருப்பது வெள்ளையா ரோஸா என்று கேட்டால் முழிப்பான். அவள் சுடிதார் நிறத்தைக் கேட்டால் முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல்வான். கொருக்குப்பேட்டை வீட்டில் கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தில் சோறு தின்னும்போதுகூட அவள் நினைப்புதான். பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. சொல்லத்தான் வாய் வரவில்லை. குடுவை பழுத்துவிட்டால் அந்த மாடிப்படி ஏறச் சாக்கு கிடையாது. பழுக்காவிட்டால் வேலையே கிடையாது.

சுப்பராயன் பொறுமை இழந்தார். "இலை கிலையெல்லாம் போதும். செடியை வேரோட, தொட்டியோட இங்க தூக்கிட்டு வா. இதுலயும் வரலைன்னா கடையைக் கட்டிடலாம்."

அன்று பிராங்கிளின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினான். தொட்டி போனால் எல்லாம் போயிற்று.

"மெர்லின், சார் தொட்டியோட கேக்கறாரு."

அவள் முகம் செத்துப்போயிற்று. "தொட்டியோடவா?"

"அப்புறம் உங்கள வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அது மட்டும் வேணாம் பிராங்கிளின். தரமாட்டேன்." விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு தொட்டிச் செடிக்கு இருக்கிற மரியாதைகூடத் தனக்கு இல்லையே என்று அவனுக்கு அழுகை முட்டியது. கீழே இறங்கி, காத்தூன் பீவியின் கிரைண்டர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அவ்ளோ ஆசையா பீவிம்மா, அந்தச் செடி மேல?"

காத்தூன் பீவி கிரைண்டரை நிறுத்தினாள்.

"எந்தச் செடி? நீ மொத தபா மொட்டையடிச்சதிலயே அது பட்டுப்போச்சு நைனா. செடி இல்லன்னா நீ வரமாட்டியேன்னு, அந்தப் பொண்ணுதான் நட்டது வாடவாட ஒவ்வொரு தபாவும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போயி புதுசா ஒண்ணு புடுங்கியாந்து நட்டுகினு கீது."