கட்டுப்படியாகும் விலையில் ஒரு பாட்டுப் பெட்டி

அரசு அலுவலகங்களில் பொதுமக்கள் கத்துகிறார்கள். வருத்தத்துக்குரிய இந்த உண்மை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் கத்துகிறார்கள் என்று ஆராய்ந்து, விடையும் கண்டுபிடித்த ஒரே அதிகாரி குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மேலாளர்தான்.

அவரை அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியவள் ஒரு தையல்காரி. தெருவில் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். அவள் வீட்டு வாசல் வரைக்கும் குழாய் பதித்து மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. வாசலுக்கு வந்த தண்ணீர் வீட்டுக்குள் வர ஒரு முத்திரை வேண்டும். முத்திரை இன்ஜினியரிடம் இருந்தது. இன்ஜினியர் பயிற்சியில் இருந்தார். அவள் புருஷன் வேன் டிரைவர். தெருமுனைக் குழாயிலிருந்து தினமும் குடம் குடமாகத் தூக்கி வந்தவர், ஒருநாள் குடத்தை இறக்கக் குனிந்தார், நிமிரவில்லை. முதுகெலும்பில் ஏதோ விலகியிருக்கிறது, இனிமேல் எடை தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் தையல்காரம்மா கவுன்ட்டருக்கு வந்தாள்.

"சார், கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தாச்சு. வாசல்ல தண்ணி ஓடுற சத்தம் வீட்டுக்குள்ள கேக்குது சார். காதுல விழுது, வாயில விழல!"

கவுன்ட்டர் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் கேக்குதா? அப்போ எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். அதுக்குத் தனி மனு போடணும்."

அப்போதுதான் அவள் கத்தினாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியாரும் கத்தினார். அவருடையது வகுப்பெடுத்த தொண்டை. வரிசை முழுக்க அது பரவி, உள்ளறையில் ஆழ்ந்த பரிசீலனையில் இருந்த மேலாளர் திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா சத்தம்?"

"தண்ணி கேக்குறாங்க சார்."

"அது தெரியுது. ஏன் கத்துறாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் மேலாளரிடம் இருந்தது. முந்தின நாள் அவர் ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தார்.

"அங்க எல்லாரும் வலியோட உக்காந்திருக்கான். பல்லைப் பிடுங்குறான், காசையும் பிடுங்குறான். ஒருத்தன் கத்தலய்யா! ஏன் சொல்லு?"

"வாயில பஞ்சு வச்சிருப்பாங்க சார்."

"இல்லய்யா! மெல்லிசா பாட்டு போடுறான். நம்ம ஆபீஸ்ல இல்லாதது அது ஒண்ணுதான்."

சுவரில் ஒரு ஒலிபெருக்கி மாட்டினால் போதாதா என்று தலைமை எழுத்தர் கேட்டார். மேலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வரிசை நகராது. அப்போ பாட்டுதானே நகரணும்? கையில எடுத்துட்டுப் போற மாதிரி சின்னப் பெட்டியா வாங்குங்க. விலை கட்டுப்படியாகணும், அது முக்கியம்."

இவ்வாறாக, 'எடுத்துச் செல்லத்தக்க இசையொலிப்புக் கருவி (ஒன்று) தெரிவுக் குழு' உதயமாயிற்று. மேலாளர் தலைவர், தலைமை எழுத்தர் செயலர், மீட்டர் இன்ஸ்பெக்டர் தொழில்நுட்ப வல்லுநர். இணைப்பு கொடுக்காததால் நகரில் மீட்டர்கள் குறைவு. எனவே மீட்டர் இன்ஸ்பெக்டருக்கு ஓய்வு அதிகம். அந்த ஓய்வையெல்லாம் அவர் போனில் வீடியோ பார்த்துச் செலவிட்டிருந்தார். ஆகையால் ஒலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

கட்டுப்படியாகும் விலை என்றால் என்ன என்பதில் குழு முதலில் இடறியது.

"யாருக்குக் கட்டுப்படியாகணும் சார்?" என்றார் தலைமை எழுத்தர். "எனக்குன்னா ஒரு விலை. உங்களுக்குன்னா ஒரு விலை. அரசாங்கத்துக்குன்னா எதுவுமே கட்டுப்படியாகும்."

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு பிறந்தது. கட்டுப்படியாகாத விலை எது என்று தெரிந்தால்தானே கட்டுப்படியாகும் விலை எது என்று தெரியும்? ஆகவே கட்டுப்படியாகாத கருவிகளை எல்லாம் முதலில் கேட்டுப் பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கடைவீதியிலிருந்து ஒரு கடைக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் விவரமானவர். ஒரு பெரிய பெட்டி நிறையச் சின்னப் பெட்டிகளைக் கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து கவுன்ட்டர் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'உள்ளே கேட்புச் சோதனை நடைபெறுவதால் பொதுமக்கள் அமைதி காக்கவும்.'

தையல்காரம்மா அட்டையைப் படித்துவிட்டு ஜன்னலைத் தட்டினாள். எழுத்தர் கால்வாசி திறந்தார்.

"யாருக்குங்க காதுல கோளாறு?"

"யாருக்கும் இல்லம்மா. உங்க நிம்மதிக்காகத்தான் பெரியவங்க உள்ள பாட்டு கேக்குறாங்க."

உள்ளே மீட்டர் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். "இதுல பேஸ், அதான் அந்த அடிநாதம், பத்தல சார். இதுல பேஸ் இருக்கு, ஆனா சூடு இல்ல."

மேலாளர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சுடுதேய்யா?"

"அது பேட்டரி சூடு சார். நான் சொல்றது ஒலியோட சூடு."

மேலாளர் தலையாட்டினார். புரியவில்லை என்று சொல்லும் பதவியை அவர் எப்போதோ கடந்திருந்தார். ஒரே வாரத்தில் அவருக்கும் சூடு கேட்க ஆரம்பித்துவிட்டது. தலைமை எழுத்தருக்கு அடுத்த வாரம் கேட்டது. அதற்குப் பிறகு அது மற்றவர்களுக்கும் தொற்றியது. பாட்டு கேட்கும் காது மூடியைக் கழுத்தில் மாட்டாமல் நடமாடும் ஊழியரைப் பார்ப்பது அரிதாயிற்று. பாட்டு ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வயர் சட்டைப்பைக்குள் போனால் போதும். டீ கொண்டு வருகிறவரிடம் "இன்னிக்கு டீயில பேஸ் இல்லையேப்பா" என்றார்கள். அவரும் பழகிக்கொண்டார். அடுத்த நாள் சர்க்கரையைக் கூட்டிப் போட்டுவிட்டு "இப்போ இருக்கா சார்?" என்றார். "இப்பதான் இருக்கு" என்றார்கள்.

தையல்காரம்மா மறுபடியும் குரலை உயர்த்தியபோது, எழுத்தர் ஒரு காதைத் திறந்து, முகத்தைச் சுளித்தார்.

"அம்மா, உங்க குரல்ல ட்ரெபிள் ஜாஸ்தி, கீச்சுன்னு குத்துது. கொஞ்சம் பேஸ்ல பேசுங்க, கேக்குறவனுக்கும் இதமா இருக்கும்ல?"

அவள் வீட்டுக்குப் போனாள். டிரைவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு குடத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவா, சமைக்கவா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். தையல் மெஷின் மேல் அவளுடைய சின்னப் பாட்டுப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அளவு. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஒரு தழும்பு. எத்தனையோ ரவிக்கைகளுக்கு அது பாடியிருக்கிறது.

"அவங்களுக்கு வேண்டியது பாட்டுப் பெட்டிதானே? இதைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதுல்ல?" என்றாள்.

"இது போனா நீ எப்படித் தைப்பே? பாட்டு இல்லாட்டி உனக்குத் தையல் கோணிக்குமே" என்றார் டிரைவர்.

"கோணினா கோணட்டும். தண்ணி வரட்டும்."

மறுநாள் குழுவின் முன்னால் பெட்டியை வைத்தாள். "நல்லாப் பாடும் சார். நீங்களே வச்சுக்குங்க, காசு வேண்டாம். முத்திரையை மட்டும் போட்டுக் கொடுங்க."

தலைமை எழுத்தர் தொண்டையைக் கனைத்தார்.

"காசு வேண்டாம்னா இதுக்கு விலையே இல்ல. விலை இல்லாத பொருள் கட்டுப்படியாகும் விலையில இருக்குன்னு எப்படிம்மா எழுதறது?"

"அது மட்டுமில்ல," என்று மேலாளர் எழுந்து நின்றார். "முத்திரைக்குப் பதிலா பொருள் கொடுக்கிறீங்க. இதுக்கு என்ன பேர் தெரியுமா? லஞ்சம்!"

அந்தச் சொல் அந்த அறையில் அவ்வளவு அருவருப்போடு அதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை. கடைக்காரர் வாங்கிக் கொடுத்த பலகாரத் தட்டுகளை ஒதுக்கி இடம் செய்து, பெட்டியை மேசையின் நடுவில் வைத்து, அரக்கு முத்திரை இட்டுக் கைப்பற்றினார்கள். ஒரு முத்திரைக்காக வந்தவள் பெட்டியின் மேல் விழுந்த முத்திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். விசாரணை முடியும் வரை அவளுடைய விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது.

விசாரணை என்றால் சாட்சியைக் கேட்டாக வேண்டும். அரக்கை உடைத்துச் சாட்சியை ஓட விட்டார்கள். மீட்டர் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"சார்... சூடு!"

எல்லோருக்கும் கேட்டது. கடைக்காரர் கொண்டு வந்த எந்தப் பெட்டியும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று குழு ஒருமனதாக உணர்ந்தது. ஆனால் கைப்பற்றிய லஞ்சத்தை அலுவலகம் பயன்படுத்தக் கூடாது. இதே மாதிரி வேறொன்று தேடினால், அந்த வகை வருவது நின்று நாளாகிவிட்டது என்றார் கடைக்காரர்.

விதிப் புத்தகம் வழி காட்டியது. கைப்பற்றிய பொருளை ஏலம் விடலாம். ஏலம் நடந்தது. அறிவிப்பு கடைக்காரருக்கு மட்டும் கிடைத்ததால் அவர் மட்டும் வந்தார். இரண்டு டீயின் விலைக்குப் பெட்டி அவருக்குப் போயிற்று. வாசல் வரை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து, அதையே அலுவலகத்துக்கு விற்பனைக்கு வைத்தார். தான் காட்டியதிலேயே மிக அதிக விலைப் பெட்டியைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவாகச் சொன்னார். கட்டுப்படியாகாத விலையைவிடக் குறைந்த விலை கட்டுப்படியாகும் விலைதானே? கொள்முதல் நிறைவேறியது.

திறப்பு விழாவில் தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இது என் பெட்டி! ஓரத்துல தழும்பு பாருங்க!"

"அந்தப் பெட்டி லஞ்சம்மா. இது கொள்முதல். ரெண்டையும் குழப்பிக்காதீங்க" என்றார் தலைமை எழுத்தர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் நல்ல சேதிதான். இது ஆபீஸ் சொத்து. ஆபீஸ் சொத்தை ஆபீஸுக்கே லஞ்சமா கொடுக்க முடியாதுல்ல? அதனால கேஸ் தள்ளுபடி. நீங்க திரும்ப மொதல்லேருந்து மனு போடலாம்."

எடுத்துச் செல்லத்தக்க அந்தக் கருவியை யாரும் எடுத்துச் சென்றுவிடக் கூடாது என்று, கூடத்தின் நடுத்தூணில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

மேலாளர் கணக்குப் போட்டது தப்பவில்லை. முதல் சில நாட்கள் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பிறகு தலையாட்டினார்கள். பிறகு தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கக் காலையிலேயே வர ஆரம்பித்தார்கள். வேலை இல்லாதவர்கள்கூட வந்தார்கள். குறை கேட்கும் பெட்டியைத் திறந்தால் குழாயைப் பற்றி ஒரு மனு இல்லை. 'சோகப் பாட்டைக் குறைக்கவும்', 'சத்தத்தைக் கூட்டவும்', 'பேஸ் பத்தவில்லை' என்று கட்டுக் கட்டாக இருந்தன. கடைசி மனுவில் வாத்தியாரின் கையெழுத்து அழகாக இருந்தது. மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று: பொதுமக்களுக்கு நீர் சார்ந்த குறைகள் ஏதும் இல்லை.

தையல்காரம்மாவும் ஒரு மனு எழுதிப் போட்டாள். அவள் தைக்கும்போது போடும் பாட்டு, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, தூணைச் சுற்றி இடம் பிடித்திருக்கும் வாத்தியாரின் ஆட்கள் அதைப் போட விடுவதில்லை என்று எழுதியிருந்தாள். அந்த அலுவலகத்தில் கொடுத்த அன்றே நிறைவேறிய மனு அது ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"என்ன, குழாய்க்கு முத்திரை போட்டுட்டாங்களா?" என்றார் டிரைவர், எழ முயன்றபடி.

"இல்ல. நம்ம பாட்டைப் போட்டுட்டாங்க! வாத்தியார் மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க!"

டிரைவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

அதன்பின் வாத்தியார் கட்சிக்கும் தையல்காரம்மா கட்சிக்கும் தினமும் போட்டி. அவர் பாட்டு ஓடினால் இவள் இருமுவாள். இவள் பாட்டு ஓடினால் அவர் தும்முவார். தைக்க வேண்டிய துணிகள் வீட்டில் குவிந்தன.

ஒருநாள் இன்ஜினியர் பயிற்சி முடிந்து வந்துவிட்டார். கையில் முத்திரை இருந்தது. பாட்டு கேட்டுக்கேட்டு மனம் இளகியிருந்த கவுன்ட்டர் எழுத்தர், பழைய மனுவை அவராகவே தேடி எடுத்து, முத்திரை வாங்கி, ஜன்னலை முழுதாகத் திறந்தார். அந்த ஜன்னல் முழுதாகத் திறக்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

"தையல்காரம்மா! குடிநீர் இணைப்பு! முத்திரை போட்டாச்சு, இன்ஜினியர் சார் முன்னாடி கையெழுத்து போட்டாத்தான் செல்லும், வந்து வாங்கிக்குங்க! சாயங்காலம் இன்ஜினியர் சார் அடுத்த பயிற்சிக்குக் கிளம்புறார்!"

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. எழுத்தர் கையைத் தட்டி இன்னும் உரக்கக் கூப்பிட்டார். வாத்தியாருக்குக் கேட்டது. தும்மலை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். தையல்காரம்மாவுக்கும் கேட்டது. தூணைவிட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

"ஏன் சார் இப்படிக் கத்துறீங்க? கடைசிச் சரணம் ஓடுதுல்ல?"

எழுத்தர் பண்பானவர். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லி, சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினார். முத்திரையைத் தன் பயணப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இன்ஜினியர் புறப்பட்டுப் போனார்.