நான்கு என்று எழுதாத அலுவலகம்

2025 மார்ச் 12, புதன்கிழமை. தயாளனின் குறை இதுதான்: வருகைப்பதிவுப் பெட்டி தன் பெயரை உள்ளபடி சொல்கிறது, சொல்லியும் வைஃபை இயங்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் பிறை நகரத் தொழிற்சாலைக்காரர்கள் பினாங்கு ஜார்ஜ் டவுன் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியை வாங்குவதற்காகப் பார்க்க வருகிறார்கள். தயாளனின் ஆறு மாத சோதனைக்காலமும் இன்றோடு முடிகிறது. வைஃபை இயங்கினால் வேலை நிரந்தரம்.

கோளாறு எளியது. பெட்டியின் வன்பொருள் விவரத்தில் ‘மாடல் 4’ என்று இருந்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னலில் வைஃபையை இயக்கும் டிரைவர் நிரல் அந்தப் பெயரைப் படித்து, அதே பெயருள்ள அமைப்புக் கோப்பைத் தேடியது. கோப்பின் பெயரோ ‘மாடல் 3ஏ’.

“கோப்புப் பேர நாலுன்னு மாத்திடு, ஷஃபீக்.”

கோப்புகளுக்குப் பொறுப்பாளனான ஷஃபீக் பதறினான். “அண்ணே, மெதுவாலா! நம்ம மொதலாளி தௌக்கேக்கு நாலு ஆகாது. சீனவங்களுக்கு அது சாவு நம்பர். இந்த ஆபீஸ்ல நாலுன்னு ஒரு ஃபைல் கிடையாது.”

உண்மையைத் திருத்தி நம்பிக்கையைக் காப்பாற்றுவதே படித்தவர்களின் வழக்கம். தயாளனும் படித்தவன். வன்பொருள் விவரத்தை ‘3ஏ’ என்று மாற்றினான். வைஃபை உயிர்பெற்றது, திரை இருண்டது. திரையின் டிரைவருக்கு வெளியார் எழுதிய கோப்பு ‘4’ என்ற பெயரில்தான் இருந்தது.

அந்தக் கோப்புக்கும் ‘3ஏ’ என்று பெயரிட்டான். திரை ஒளிர்ந்தது. ஆனால் பெட்டியைக் குளிர்விக்கும் விசிறி, புதுப்பெயரை அறியாமல், மிரண்டுபோய் முழுவேகத்தில் சுழன்றது.

“அண்ணே, ஹெலிகாப்டரா விக்கப்போறோம்?”

“வாய மூடு. மாடல் மூணோட விசிறி ஃபைல எடுத்துப் போடு. மூணுக்கும் மூணு ஏ-க்கும் பெரிய வித்தியாசமா இருந்துடப் போகுது?”

இருந்தது. விசிறி அடங்கியது; பெட்டி சூடேறியது. சரியாக மூன்று மணிக்கு, விருந்தினர் முன்னிலையில், மெல்லிய புகையை விட்டு ஓய்ந்தது.

விருந்தினர் தேநீரைக்கூடத் தொடவில்லை. அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த தௌக்கே பெருமூச்செறிந்தார்.

“தயா, புரோபேஷன் எக்ஸ்டென்ட்லா. ஃபோர் மந்த்ஸ்.”

தயாளன் திடுக்கிட்டான். “ஃபோரா? பாஸ், யூ டோன்ட் லைக் ஃபோர், ரைட்?”

“ஹூ செட்? மை ஹவுஸ் நம்பர் ஃபோர்ட்டி-ஃபோர்லா!”

தௌக்கே அறைக்குள் போய்விட்டார். தயாளனும் ஷஃபீக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தொடப்படாத கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ருக்குமணி, பதினைந்து ஆண்டுகளாக அங்கே துப்புரவு செய்பவர், தலை நிமிராமலே சொன்னார்:

“ஒனக்கு முன்னால இந்த மேசையில ஒருத்தன் இருந்தான் தம்பி. அவன் கீபோர்டுல நாலு அழுந்தாது. புதுசு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, லிஃப்டுல நாலாம் மாடிக்கு மூணு ஏ-ன்னு போட்டிருக்கறதப் பாத்து அதையே அடிச்சு வச்சிட்டுப் போயிட்டான்.”

வாசகரே, உங்கள் அலுவலகத்தில் எந்த விதிக்கு எல்லாரும் அஞ்சுகிறீர்களோ, அதை எழுதியவரின் விசைப்பலகையை நாளைக் காலையிலேயே வாங்கிச் சோதியுங்கள்!