ஊசி போட்ட குடைமிளகாய்

கடைசிக் குட்டிக் குடைமிளகாயின் காம்பைத் துப்பிய அதே நொடியில் மாட்டு டாக்டருக்கு மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, ஃப்ரிட்ஜில இருக்கிற டப்பாவை எடுக்க டிரைவர் வர்றார். இன்னைக்குத்தான் ருசி பார்க்கிற கமிட்டி. அது இல்லாம போட்டியே நடக்காது. நான் உருவாக்கின ரகம் ஜெயிச்சாத்தான் விதையா வெளியே வரும். தோத்தா, இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான். தொட்டுடாதீங்க!"

"சேச்சே! நானாவது, தொடறதாவது!"

காலி டப்பா அவரைப் பார்த்து இளித்தது.

டப்பா காலியானது ஒரு கலக்கம். அதைவிடக் கலக்கியது, தின்ற காய்களின் ருசி. சப்பென்று வெறும் தண்ணீர். இதற்கா இவள் ராப்பகலாக உழைத்தாள்? பாவம்!

மார்க்கெட்டுக்கு ஓடினார். அதே அளவில், அதே சிவப்பில் பொறுக்கி வந்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். இதுவும் சப்பை.

இனிப்பையும் வைட்டமின் சி-யையும் மெஷினில் அளப்பார்கள் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. இவளைத் தோற்க விடுவதா?

பூனைக்குட்டிகளுக்குப் போடும் மெல்லிய ஊசியை எடுத்தார். சர்க்கரைப் பாகில் எலுமிச்சையைப் பிழிந்து, ஒவ்வொரு காயின் சதையிலும் ஏற்றினார்.

பாகு கசிந்தது. துடைத்தார், பிசுபிசுத்தது. பிசுபிசுப்புக்கு எறும்பு வந்தது. ஊதினார், பாதி எறும்பு மீசைக்குக் குடிவந்தது. கழுவினார், இரண்டு காம்பு கையோடு வந்துவிட்டது. கெட்டிப் பாகு வைத்து ஒட்டுவதற்குள் வாசலில் ஹாரன்!

"ஆட்டாம கொண்டு போப்பா."

"ஏன் சார், உள்ளே முட்டையா?" என்றார் டிரைவர்.

அன்று முழுக்க டாக்டர் டாக்டராக இல்லை. காய்ச்சல் கண்ட ஆட்டை விட்டுவிட்டு, அதைக் கூட்டிவந்தவருக்கு நாடி பார்த்தார்.

சாயங்காலம் டிரைவர் மட்டும் காலி டப்பாவோடு வந்து நின்றார்.

"மேடம் எங்கப்பா?"

"லேப்ல அழுதுக்கிட்டு இருக்காங்க சார்."

"ஏன், இந்தக் காய் கமிட்டிக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலையாவா! தேன்னு சொல்லி ஆளாளுக்குப் பிடுங்கித் தின்னாங்க. மெஷின்லயும் இதுதான் சார் முதல்!"

"அப்பாடா! அப்போ ஆனந்தக் கண்ணீர்!" டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

டிரைவர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"மேடம் காய் லேப்லயே இருந்துச்சு சார். அதோட கலந்துடக் கூடாதுன்னு மேடம் வீட்ல வச்சிருந்தது, எதிர்க் கம்பெனியோட காய்!"